என் நிரலுக்குள் பிறர் குறியீடு புகுந்திருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதுகிறவர்களும், பாதுகாப்புப் பணிக்குப் புதிதாக வந்தவர்களும் இந்த ஒரு விஷயத்தில் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால் இருக்கின்றன. சிக்கலானவை பின்னால் வருகின்றன. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மீண்டும் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. பேச்சு பெரும்பாலும் விண்டோஸையும் லினக்ஸையும் பற்றியது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை ‘ப்ராசஸ்’ என்றும், அதற்குள் ஓடும் ‘த்ரெட்’டை இழை என்றும் குறிப்பிடுகிறேன்.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி நினைவகம்தானே? பிறகு எப்படி வெளியிலிருந்து ஒருவர் உள்ளே எழுத முடியும்?

தனி நினைவகம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுவரில் கதவு வைத்திருப்பது இயங்குதளமே. நிரலில் பிழை தேட உதவும் டீபக்கர் போன்ற கருவிகள் வேலை செய்ய வேண்டுமென்றால், ஒரு ப்ராசஸ் இன்னொன்றின் நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வழி இருந்தாக வேண்டும். அந்த வழியாகவே வேண்டாதவர்களும் வருகிறார்கள்.

விண்டோஸில் மிகப் பழைய முறை நான்கே படிகள் கொண்டது. ‘ஓப்பன்ப்ராசஸ்’ மூலம் இலக்கைத் திறக்கிறார்கள். ‘விர்ச்சுவல்அலாக்எக்ஸ்’ மூலம் அதற்குள் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறார்கள். ‘ரைட்ப்ராசஸ்மெமரி’ கொண்டு ஒரு டிஎல்எல் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகம்) கோப்பின் பாதையை அங்கே எழுதுகிறார்கள். கடைசியாக, ‘கிரியேட்ரிமோட்த்ரெட்’ மூலம் அந்தப் ப்ராசஸுக்குள் ஒரு புதிய இழையைத் தொடங்கி, அது டிஎல்எல்லை ஏற்றும் ‘லோட்லைப்ரரி’யை அழைக்கும்படி செய்கிறார்கள். அமைப்பின் டிஎல்எல்கள் ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் வேறு முகவரிக்குப் போகின்றன. ஆனால் ஒருமுறை தொடங்கிய பிறகு எல்லாப் ப்ராசஸிலும் அந்த முகவரி ஒன்றாகவே இருக்கிறது. அதனால் ‘லோட்லைப்ரரி’ எங்கே இருக்கிறது என்று இலக்குக்குள் தேட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. தங்கள் ப்ராசஸில் உள்ள முகவரியையே கொடுத்துவிடுகிறார்கள்.

லினக்ஸில் ‘பிடிரேஸ்’ என்ற அமைப்பு அழைப்பு (இயங்குதளத்திடம் நிரல் வேலை கேட்கும் வழி) இதே வேலைக்குப் பயன்படுகிறது. 3.2 பதிப்பில் வந்த ‘ப்ராசஸ்_விஎம்_ரைட்வி’யும் உண்டு. நிரல் தொடங்கும் முன்பே நூலகத்தைச் செருகிவிடும் ‘எல்டி_ப்ரீலோட்’ என்ற சூழல் மாறி இன்னும் எளிய வழி.

அப்படியென்றால் உள்ளே புகுகிறவர்கள் எல்லோரும் கெட்ட நோக்கம் கொண்டவர்களா?

இல்லை. இதை முதலிலேயே மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள், பார்வையற்றோருக்கான திரை வாசிப்பான், தட்டச்சு உள்ளீட்டுக் கருவி, விளையாட்டின் மேல் படம் காட்டும் மென்பொருள் எல்லாம் உங்கள் ப்ராசஸுக்குள் வரலாம். நீங்கள் ‘கோப்பைத் திற’ என்ற சாதாரணச் சாளரத்தைக் காட்டினாலே போதும். கோப்பு மேலாளருக்காகப் பிறர் எழுதிய நீட்டிப்புகள் பல உங்கள் நினைவகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2017 நவம்பரில் கூகுள் குரோம் குழு ஒரு கணக்கு வெளியிட்டது. விண்டோஸில் குரோம் பயன்படுத்துகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் கணினியில் குரோமோடு ஊடாடும் வேறு மென்பொருள் இருந்தது. குரோமுக்குள் குறியீடு புகுத்தும் மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு உலாவி முறிந்து விழும் வாய்ப்பு 15 விழுக்காடு அதிகமாக இருந்தது. நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களாலும் பாதிப்பு உண்டு என்பதற்கு இது சான்று.

நான் எதைத் தேட வேண்டும்? வைரஸின் கையொப்பத்தையா?

தேட வேண்டியது கையொப்பத்தை, அதாவது வைரஸை அடையாளம் காட்டும் பைட் வரிசையை, அல்ல. கெட்ட குறியீடு எப்படி இருக்கும் என்பதற்கு முடிவே கிடையாது. நாளைக்கு வருவது இன்றைய எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆனால் உங்கள் நிரலில் இருக்க வேண்டிய குறியீடு எது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு வைரஸ் தடுப்பு மென்பொருளிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

இயங்குதளம் நினைவகத்தைப் ‘பக்கம்’ என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. இயங்க அனுமதி பெற்ற ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? வந்தபோது இருந்தபடியே இருக்கிறதா? வட்டில் உள்ள எந்தக் கோப்பு, அதை யார் டிஜிட்டல் முறையில் கையொப்பமிட்டார்கள், நினைவகத்தில் இருப்பதும் கோப்பில் இருப்பதும் ஒன்றா என்று கணக்குச் சொல்ல முடிந்தால் அந்தப் பக்கம் சரி. கணக்கில் வராத பக்கம் விசாரணைக்குரியது. கீழே வரும் நுட்பங்கள் எல்லாமே இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடும் வழிகள்தாம்.

விண்டோஸில் இந்தக் கணக்கை எப்படி எடுப்பது?

‘விர்ச்சுவல்குவெரி’ என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. ஒரு முகவரியைக் கொடுத்தால், அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது, அதன் அளவு என்ன, என்ன அனுமதி இருக்கிறது, எந்த வகை என்று சொல்லும். வகைகள் மூன்று. ‘இமேஜ்’ என்றால் இயங்கும் கோப்பாக ஏற்றப்பட்டது. ‘மேப்டு’ என்றால் சாதாரணக் கோப்பாகவோ பகிர்வு நினைவகமாகவோ இணைக்கப்பட்டது. ‘பிரைவேட்’ என்றால் எந்தக் கோப்பின் பின்னணியும் இல்லாமல் நேரடியாக ஒதுக்கப்பட்டது. இயங்கும் அனுமதியும் இருந்து ‘பிரைவேட்’ வகையாகவும் இருந்தால் அங்கே நில்லுங்கள். எழுதும் அனுமதியும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முகவரியைப் பக்கம் பக்கமாக, அதாவது 4,096 பைட்டாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். 64 பிட் விண்டோஸில் ஒரு ப்ராசஸின் முகவரிப் பரப்பு 128 டெராபைட். அதில் சுமார் 3,436 கோடி பக்கங்கள் அடங்கும். அந்தச் சோதனை முடிவதற்குள் பொறுமை போய்விடும். ஒவ்வொரு அழைப்பும் திருப்பித் தரும் பகுதியின் அளவைக் கூட்டி அடுத்த பகுதிக்குத் தாவுங்கள். சாதாரண நிரலில் சில நூறு முதல் சில ஆயிரம் பகுதிகள்தாம் இருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

லினக்ஸில்?

‘ப்ராக்’ அடைவுக்குள் ‘செல்ஃப்’ என்பதன் கீழே ‘மேப்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து படித்தால் வரிக்கு ஒரு பகுதி: தொடக்க முகவரி, முடிவு முகவரி, அனுமதிகள், கோப்பில் எந்த இடம், சாதன எண், ஐநோட் எண் (வட்டில் கோப்பின் அடையாள எண்), கடைசியில் கோப்பின் பாதை. இயங்கும் அனுமதி இருந்தும் பாதை காலியாக இருக்கும் வரியைத் தேடுங்கள். ‘மெம்எஃப்டி’ என்று தொடங்கும் பாதையும் கவனத்துக்குரியது. 3.17 பதிப்பில் வந்த ‘மெம்எஃப்டி_கிரியேட்’ மூலம் வட்டைத் தொடாமலே நினைவகத்தில் கோப்பு உருவாக்கி, அதை நூலகமாக ஏற்ற முடியும். அப்படி வந்தவை இந்த அடையாளத்தோடு தெரியும்.

இரண்டு விலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘விடிஎஸ்ஓ’ என்று குறிக்கப்பட்ட பகுதியை இயங்குதளத்தின் மையமான கர்னலே எல்லாப் ப்ராசஸுக்கும் கொடுக்கிறது, அது இயல்பானது. பாதையின் இறுதியில் ‘டெலீட்டட்’ என்று இருந்தாலும் பதற வேண்டாம். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நூலகத்தைப் புதுப்பித்தால், பழைய கோப்பு வட்டிலிருந்து நீங்கியிருக்கும், நினைவகத்தில் மட்டும் இருக்கும். புதுப்பிப்பு நடந்த நேரத்தோடு ஒப்பிட்டாலே விளங்கிவிடும்.

ஏற்றப்பட்ட டிஎல்எல்களின் பட்டியலை வாங்கிச் சரிபார்த்தால் போதாதா? எதற்கு இவ்வளவு சுற்று?

பட்டியலைப் பாருங்கள், அது பயனுள்ளதுதான். நேர்வழியில் வந்தவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். ஒளிந்து வந்தவர்கள் இருக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

விண்டோஸில் அந்தப் பட்டியல் உங்கள் ப்ராசஸின் நினைவகத்துக்குள்ளேயே, சங்கிலித் தொடராக மூன்று வரிசைகளில் இருக்கிறது: ஏற்றிய வரிசை, நினைவக வரிசை, தொடக்கம் பெற்ற வரிசை. உள்ளே புகுந்துவிட்ட குறியீடு தன் கண்ணியை மூன்றிலிருந்தும் கழற்றிக்கொள்ளலாம். அதைவிட, பட்டியலில் சேராமலே வருவது எளிது. ‘லோட்லைப்ரரி’யை அழைக்காமல், டிஎல்எல் தன்னைத் தானே நினைவகத்தில் அமைத்துக்கொள்ளும் ‘ரிஃப்ளெக்டிவ்’ முறை 2008 முதலே எல்லோருக்கும் தெரிந்தது. அப்படி வந்தது பட்டியலில் தெரியாது. ஆனால் அதன் பக்கங்கள் ‘பிரைவேட்’ வகையாக இருக்கும். முந்தைய பதில்களில் சொன்ன பக்கக் கணக்கில் சிக்கிக்கொள்ளும். இரண்டு கணக்குகளையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ‘இமேஜ்’ வகைப் பகுதி ஒன்று நினைவகத்தில் இருந்து பட்டியலில் இல்லையென்றால், சங்கிலியிலிருந்து யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகியுங்கள்.

என் நிரல் ஜாவாஸ்கிரிப்ட் இயக்குகிறது. ‘பிரைவேட்’ இயங்கு பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எல்லாம் தாக்குதலா?

இல்லை. ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, டாட்நெட் ஆகியவற்றின் இயக்கிகள் ஓடும்போதே குறியீட்டை உருவாக்குகின்றன. ‘ஜிட்’ என்று சொல்கிறோமே, அதுதான். அது எழுதும் பக்கங்களுக்குக் கோப்பு கிடையாது. வெளியிலிருந்து புகுந்ததைப் போலவே தோன்றும். இயங்கு பக்கம் இருப்பதையே குற்றமாகக் கருதும் சோதனை இத்தகைய நிரல்களில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது.

இயக்கி ஒதுக்கும் பகுதிகளை அதனிடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். குரோமில் உள்ள வி8 போன்ற இயக்கிகள் குறியீட்டுக்கென்று ஒரு முகவரி எல்லையை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ள முடியும். அந்த எல்லைக்குள் இருப்பது கணக்கில் வந்தது; வெளியே இருப்பது வராதது. எல்லைக்குள்ளேயே ஒருவர் எழுதிவிட்டால் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கடினம். பாதுகாப்பு முதன்மையான நிரலில், முடிந்தால் ஜிட்டை அணைத்துவிடுவதே என் பரிந்துரை. வேகம் குறையும், ஆனால் கணக்கு தெளிவாகும்.

பக்கம் என் கோப்பிலிருந்துதான் வந்திருக்கிறது. அதற்குள் ஐந்தே பைட்டை மாற்றியிருந்தால் எப்படித் தெரியும்?

கணக்கின் இரண்டாவது கேள்வி இதற்குத்தான். ஒரு ஃபங்ஷனின் தொடக்கத்தில் ஐந்து பைட்டை மாற்றி வேறு இடத்துக்குத் தாவச் செய்வதுதான் வழக்கமான ஹூக். இன்டெல் வகைச் செயலியில் முதல் பைட் 233 என்ற மதிப்பாக இருக்கும். அது தாவும் கட்டளை. அடுத்த நான்கு பைட்டுகள் எவ்வளவு தூரம் என்று சொல்லும். இன்னொரு தந்திரமும் உண்டு: யாரும் சந்தேகிக்காத, முறையாகக் கையொப்பமிட்ட டிஎல்எல் ஒன்றை ஏற்றி, அதன் குறியீட்டின் மேல் தங்கள் குறியீட்டை எழுதிவிடுவார்கள். வகை ‘இமேஜ்’, பாதை சரி, கையொப்பம் சரி. ஆனால் உள்ளே இருப்பது வேறு.

நேரான வழி, வட்டில் உள்ள கோப்பின் குறியீட்டுப் பகுதியையும் நினைவகத்தில் உள்ளதையும் ஒப்பிடுவது. ஆனால் இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது, பலர் கவனிக்காதது. ஒரே டிஎல்எல்லைப் பல ப்ராசஸ்கள் பயன்படுத்தும்போது இயங்குதளம் அதன் பக்கங்களை ஒரே பிரதியாக எல்லோருக்கும் பகிர்கிறது. யாராவது ஒரு பைட்டை எழுதினால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் அந்தப் ப்ராசஸுக்கெனத் தனிப் பிரதி எடுத்துக் கொடுக்கிறது. பிறகு பழைய பைட்டைத் திரும்ப எழுதினாலும் பக்கம் தனிப் பிரதியாகவே நீடிக்கும். அதாவது, மாற்றியவர் தடயத்தைத் துடைத்த பிறகும், அந்தப் பக்கம் தொடப்பட்டது என்ற செய்தி எஞ்சியிருக்கும்.

விண்டோஸில் ‘குவெரிவொர்க்கிங்செட்எக்ஸ்’ ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘ஷேர்டு’ என்ற ஒரு பிட்டைத் தருகிறது. ‘இமேஜ்’ வகையில் உள்ள இயங்கு பக்கம் ஒன்றுக்கு அது பூஜ்யமாக இருந்தால் யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒரு முன்னெச்சரிக்கை: பக்கம் அப்போது நினைவகத்தில் இல்லாவிட்டால் இந்த விவரம் பொருளற்றது. ஆகவே முதலில் அதிலிருந்து ஒரு பைட்டைப் படித்துப் பக்கத்தை உள்ளே வரவழையுங்கள். லினக்ஸில் ‘மேப்ஸ்’ கோப்புக்கு அருகிலேயே ‘ஸ்மேப்ஸ்’ என்ற விரிவான கோப்பு இருக்கிறது. ஒரு நூலகத்தின் இயங்கு பகுதிக்குக் கீழே ‘அனானிமஸ்’ என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால், அந்தப் பகுதியில் அத்தனை கிலோபைட் கோப்பிலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள்.

வட்டில் உள்ளதோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் வேறுபாடு வருகிறதே? ஒன்றும் புரியவில்லை.

பெரும்பாலும் காரணம் முகவரித் திருத்தம். டிஎல்எல் எந்த முகவரியில் ஏற்றப்படும் என்பது முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஏற்றும்போது குறியீட்டில் உள்ள முழு முகவரிகள் திருத்தப்படுகின்றன. 32 பிட் குறியீட்டில் இவை ஏராளம். 64 பிட் குறியீடு பெரும்பாலும் தான் இருக்கும் இடத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுவதால் குறைவு. கோப்பிலேயே திருத்த வேண்டிய இடங்களின் அட்டவணை இருக்கிறது. வட்டுப் பிரதிக்கும் அதே திருத்தங்களைச் செய்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். தரவுப் பகுதியையும் இறக்குமதி அட்டவணையையும் குறியீட்டோடு சேர்த்து ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க மதிப்பு) எடுக்காதீர்கள். அவை ஓடும்போது மாறத்தான் செய்யும். இறக்குமதி அட்டவணையைத் தனியே சோதியுங்கள்: அதில் உள்ள ஒவ்வொரு முகவரியும் உரிய டிஎல்எல்லுக்குள் விழுகிறதா என்று.

204 என்ற ஒற்றை பைட் மட்டும் மாறியிருந்தால், அது டீபக்கர் வைத்த நிறுத்தப் புள்ளி. லினக்ஸில் கர்னலின் ‘யூப்ரோப்’ வசதியைப் பயன்படுத்தும் கண்காணிப்புக் கருவிகளும் இதே பைட்டை வைக்கின்றன. விண்டோஸில் அமைப்பின் அடிப்படை டிஎல்எல்லான ‘என்டிடிஎல்எல்’லில் தாவும் கட்டளைகள் தெரிந்தால், அவை எங்கே போகின்றன என்று பின்தொடருங்கள். பல இடங்களில் போய்ச் சேருமிடம் வைரஸ் தடுப்பு மென்பொருளின் டிஎல்எல்லாகத்தான் இருக்கும்.

புகுத்தும் தருணத்திலேயே பிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். விண்டோஸில் புதிய இழை தொடங்கும்போது, அதன் சொந்தக் குறியீடு ஓடுவதற்கு முன்பு, உங்கள் நிரல் பதிவு செய்துள்ள ‘டிஎல்எஸ்’ அழைப்புகள் (ஒவ்வொரு இழையின் தொடக்கத்திலும் ஓடும் ஃபங்ஷன்கள்) ஓடும். வெளியிலிருந்து தொடங்கப்பட்ட இழைக்கும் இது பொருந்தும். அப்போது ‘என்டிகுவெரிஇன்ஃபர்மேஷன்த்ரெட்’ மூலம் இந்த இழை எந்த முகவரியில் தொடங்கப்போகிறது என்று கேளுங்கள். அது உங்கள் நிரல் கோப்புக்குள்ளும் எந்த டிஎல்எல்லுக்குள்ளும் இல்லாத முகவரி என்றாலோ, நேராக ‘லோட்லைப்ரரி’யின் தொடக்கம் என்றாலோ, ஒழுங்கான நிரலில் அதற்கு வேலையே இல்லை. டிஎல்எல் ஏற்றத்தை அறிய ‘எல்டிஆர்ரெஜிஸ்டர்டிஎல்எல்நோட்டிஃபிகேஷன்’ இருக்கிறது. விஸ்டா முதல் கிடைக்கிறது.

ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். இழையை உருவாக்கும்போதே இந்த முன் அழைப்புகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு கொடி உண்டு. தொடக்க முகவரியைப் பொய்யாக வைத்துவிட்டு, பிறகு வேறு இடத்துக்குத் திருப்பவும் முடியும். நிரல் தொடங்கும் முன்பே வந்துவிட்ட நூலகங்களை எந்த அறிவிப்பும் காட்டாது. ஆகவே தருணத்தைப் பிடிக்கும் சோதனையோடு, தொடக்கத்தில் ஒருமுறை முழுக் கணக்கும் எடுங்கள்.

புதிய இழையே தொடங்காமல், ஏற்கெனவே ஓடும் என் இழையைக் கடத்தினால்?

அது நடக்கிறது. இழையை நிறுத்தி வைத்து, அதன் அடுத்த கட்டளை முகவரியை மாற்றி, மீண்டும் ஓடவிடுவார்கள். அல்லது காத்திருக்கும் இழையின் ‘ஏபிசி’ வரிசையில் (அது பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) ஒரு வேலையைச் சேர்ப்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஸ்டாக். ஒவ்வொரு ஃபங்ஷனும் யார் தன்னை அழைத்தார்கள் என்ற திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் விட்டுச்செல்கிறது. அவற்றை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றும் கணக்கில் உள்ள பகுதிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். கோப்பு எழுதும்போது, வலை இணைப்பைத் திறக்கும்போது என முக்கியமான இடங்களில் இதைச் செய்தால் பலன் அதிகம். புகுந்த குறியீடு எதையாவது செய்ய வேண்டுமென்றால் இந்த வழிகளைத்தானே நாட வேண்டும்.

பிற இழைகளின் ஸ்டாக்கைப் படிக்க அவற்றை நிறுத்த வேண்டியிருந்தால், நிறுத்தியிருக்கும் நேரத்தில் புதிதாக நினைவகம் எதையும் ஒதுக்காதீர்கள். நிறுத்தப்பட்ட இழை ஒதுக்கீட்டுப் பூட்டைக் கையில் வைத்திருந்தால், அது வெளிவரும் வரை நீங்கள் காத்திருப்பீர்கள். நீங்கள் விடுவிக்கும் வரை அது காத்திருக்கும். நிரல் அப்படியே உறைந்துவிடும். தேவையான இடத்தை முன்பே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை சோதிப்பது?

ஒரே இடைவெளியில் சோதிக்காதீர்கள். தாக்குகிறவர்களில் தேர்ந்தவர்கள், தங்கள் குறியீடு சும்மா இருக்கும் நேரத்தில் அதை மறையாக்கம் செய்து, பக்கத்தின் இயங்கும் அனுமதியையே நீக்கிவிடுகிறார்கள். டைமர் ஒலிக்கும்போது அனுமதி திரும்ப வரும், வேலை முடியும், மீண்டும் மறையும். உங்கள் சோதனை இடைப்பட்ட நேரத்தில் வந்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஆகவே இடைவெளியைச் சீரற்றதாக வையுங்கள். அதோடு முந்தைய பதிலில் சொன்னபடி செயல்களோடு சோதனையைக் கட்டுங்கள்.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். பக்கக் கணக்கு மிக மலிவானது. சில மெகாபைட் குறியீட்டை ஹேஷ் எடுக்கச் சில பத்து மில்லிநொடிகளுக்கு மேல் ஆவதில்லை.

சோதிக்கும் என் ஃபங்ஷனையே மாற்றிவிட்டால் என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இது. நேர்மையான பதில்: உங்களுக்கு உள்ள அதே அதிகாரம் உள்ளே வந்தவருக்கும் உண்டு. ‘விர்ச்சுவல்குவெரி’யை ஹூக் செய்து, தன் பக்கங்களை மட்டும் ‘காலி’ என்று சொல்ல வைக்கலாம். உங்கள் சோதனையின் முடிவை எப்போதும் ‘சரி’ என்று ஆக்கலாம். சரியான ஹேஷ் மதிப்பு நினைவகத்தில் இருந்தால் அதையும் மாற்றலாம்.

ஆனால் தாக்குகிறவரின் வேலையைக் கடினமாக்க முடியும். சோதனையை ஒரே இடத்தில் வைக்காமல் பல இடங்களில் பரப்பி, ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கச் செய்யலாம். லினக்ஸில் அமைப்பு அழைப்பு எண்கள் மாறுவதில்லை என்பதால் இடையில் உள்ள நூலகத்தைத் தாண்டி நேராகக் கர்னலைக் கேட்கலாம். விண்டோஸில் அந்த எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை; அந்த வழியில் போனால் அடுத்த புதுப்பிப்பில் நிரல் உடையும். உறுதியான வழி, சோதிக்கிறவரை வெளியே வைப்பதுதான்: உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் தனிப் ப்ராசஸ், அல்லது கர்னலில் உள்ள கண்காணிப்பு. விண்டோஸ் கர்னலில் புதிய இழை, புதிய டிஎல்எல் ஆகியவற்றைத் தெரிவிக்கும் அறிவிப்புகள் உண்டு. பயனர் கணினிகளைக் காக்கும் எண்ட்பாயிண்ட் பாதுகாப்பு மென்பொருள்கள் அவற்றை நம்பியே வேலை செய்கின்றன. அதற்கும் கீழே, இயங்குதளத்தையே தாங்கி ஓடும் ஹைப்பர்வைசர் மட்டத்தில் ஒருவர் இருந்தால், நீங்கள் படிக்கும்போது ஒரு பக்கத்தையும் இயக்கும்போது வேறொரு பக்கத்தையும் காட்ட முடியும். உள்ளிருந்து செய்யும் எந்தச் சோதனையும் ‘இங்கே யாரும் இல்லை’ என்று நிரூபிக்காது. ‘இருக்கிறார்’ என்பதை மட்டுமே நிரூபிக்கும். இதை மறந்துவிட்டு எழுதப்படும் பாதுகாப்பு விளம்பரங்களை நம்பாதீர்கள்.

குறியீடு எதையும் புகுத்தாமலே தாக்கலாம் என்கிறார்களே?

ஆமாம். உங்கள் நிரலில் ஏற்கெனவே இருக்கும் கட்டளைத் துண்டுகளையே ஸ்டாக்கில் முகவரிகளை அடுக்கி வரிசையாக ஓட வைக்கும் ‘ஆர்ஓபி’ முறை அப்படிப்பட்டது. புதிய இயங்கு பக்கம் கிடையாது, மாறிய பைட்டும் கிடையாது. பக்கக் கணக்கு எதையும் காட்டாது. இதற்கு மாற்று, திரும்பும் முகவரிகளை வன்பொருளே இரண்டாவது ஸ்டாக்கில் குறித்து வைத்து ஒப்பிடும் ‘ஷேடோ ஸ்டாக்’. இன்டெல்லில் 2020-இல் வந்த டைகர் லேக் செயலிகளில் இது தொடங்கியது. நிரலுக்குள் இருக்கும் பைத்தான் போன்ற மொழிபெயர்ப்பியிடம் ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்து இயக்குவதும் இதே போலத்தான். புகுந்தது தரவாக இருக்கும், குறியீடாக இருக்காது. அங்கே மொழிபெயர்ப்பிக்கு வரும் உள்ளீட்டைத்தான் காக்க வேண்டும்.

தேடிக்கொண்டிருப்பதைவிட வரவே விடாமல் தடுக்கலாமே?

முடிந்த இடத்தில் எல்லாம் தடுங்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட டிஎல்எல்களை மட்டுமே ஏற்கும்படி ஒரு ப்ராசஸுக்குக் கொள்கை வைக்கலாம். டைனமிக் கோட் கொள்கை, ப்ராசஸ் தானாகப் புதிய இயங்கு பக்கம் உருவாக்குவதைத் தடுக்கிறது. ஆனால் வெளியிலிருந்து இன்னொரு ப்ராசஸ் செய்வதை அது தடுப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். லினக்ஸில் ‘யாமா’ பாதுகாப்புத் தொகுதியின் ‘பிடிரேஸ்_ஸ்கோப்’ அமைப்பை 1 என்று வைத்தால், அதைத் தொடங்கிய தாய்ப் ப்ராசஸைத் தவிர வேறு சாதாரணப் ப்ராசஸ்கள் ஒட்டிக்கொள்ள முடியாது. லினக்ஸின் இன்னொரு பாதுகாப்புத் தொகுதியான எஸ்இலினக்ஸின் ‘எக்ஸிக்மாட்’ விதி, எழுதப்பட்ட கோப்புப் பக்கத்தை இயக்கவே விடாது. மேக்ஓஎஸ்ஸில் ஹார்டன்டு ரன்டைம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கினால் பிறர் நூலகங்களின் கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது.

தடுப்பு கடுமையாகும்போது திரை வாசிப்பானும் உள்ளீட்டுக் கருவியும் வெளியே நிற்க நேரிடலாம். அவற்றை நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கொள்கையை வெளியிடும் முன் அவர்களோடு சோதித்துப் பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டேன். நிரலை உடனே மூடிவிடலாமா?

விளையாட்டுப் போட்டியிலோ பணப் பரிமாற்றத்திலோ அந்தச் செயலை நிறுத்துவது நியாயம். மற்ற இடங்களில் உடனே மூடுவது இரண்டு வகையில் கெடுதல். பயனரின் சேமிக்காத வேலை போய்விடும். தாக்குகிறவருக்கு எந்தச் சோதனையில் சிக்கினோம் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். முக்கியமான விசைகளையும் கடவுச்சொற்களையும் நினைவகத்திலிருந்து அழித்துவிட்டு, நுட்பமான செயல்களை மறுத்து, அமைதியாகப் பதிவு செய்யுங்கள்.

பதிவில் இவை இருக்கட்டும்: பகுதியின் முகவரியும் அளவும், வகை, அனுமதி, அதன் முதல் சில பத்து பைட்டுகள், அதைத் தொட்ட இழையின் தொடக்க முகவரி, அப்போதைய ஸ்டாக், ஏற்றப்பட்ட நூலகங்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் கையொப்பமும். ஹூக் என்றால், தாவல் போய்ச் சேரும் முகவரி. ‘நினைவகத்தில் பிழை’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பின்னால் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முழுப் பக்கத்தையும் உங்கள் சேவையகத்துக்கு அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கத்தில் பயனரின் கடிதமோ கடவுச்சொல்லோ இருக்கலாம். அதை எடுத்துச் செல்ல உங்களுக்கும் அனுமதி கிடையாது.